பழைய பிரிண்டரை வை-பி மூலம் பகிரலாம்

பழைய யு.எஸ்.பி. பிரிண்டரில் வை-பி இல்லை என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சியில் இருப்பவர் ஒரு பட்டா நகலை அச்சிட ஓட்டப்பிடாரம் வரை ஏன் செல்ல வேண்டும்? வீட்டில் உள்ள ஒரே பிரிண்டரை எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக்கலாம்.

விண்டோஸ் 11ல் வழி இதோ. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே வை-பி இணைப்பில் இருக்க வேண்டும். வை-பி ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில் 'பிரைவேட் நெட்வொர்க்' தேர்ந்தெடுக்கவும்.

1. பிரிண்டர் இணைந்துள்ள கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் செல்லவும்.

2. உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ் திறக்கவும். ஷேரிங் டேபில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' கட்டத்தில் டிக் செய்து, இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்றைக் கொடுங்கள்.

3. சிஸ்டம், அபவுட் பகுதியில் இந்தக் கம்ப்யூட்டரின் பெயரைக் குறித்துக் கொள்ளுங்கள்.

4. அடுத்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தவும். இரண்டு பேக்ஸ்லாஷ் இட்டு, குறித்த பெயரை டைப் செய்து என்டர் தட்டவும்.

5. தெரியும் பிரிண்டர் மீது ரைட் கிளிக் செய்து 'கனெக்ட்' கொடுங்கள்.

பாஸ்வேர்ட் கேட்டால், முதல் கம்ப்யூட்டரின் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் தரவும்; நான்கு இலக்க பின் எண் இங்கு செல்லாது. 2021 ஆகஸ்ட் மாதப் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பின், டிரைவர் பதிய அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியும் தேவை.

முதல் கம்ப்யூட்டர் ஸ்லீப் நிலைக்குச் சென்றால் அச்சு வராது. எனவே அச்சிடும்போது அது இயங்கிக் கொண்டிருக்கட்டும். பஸ் நிலையம், ஓட்டல் போன்ற பொது வை-பி இணைப்புகளில் மட்டும் 'பிரைவேட்' தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பகிர்வு அங்குள்ளவர்களுக்கும் தெரியவரும்.