பாறைமேல் பூசிய சாயம்

வயநாட்டின் அம்புகுத்தி மலையிலுள்ள எடக்கல் குகைக்கு உங்களுள் சிலர் சுற்றுலா சென்றிருக்கலாம். கற்கால மக்கள் கீறிய உருவங்களும், பிற்காலத்தார் பொறித்த தமிழி எழுத்துகளும் அக்குகைச் சுவர்களில் உள்ளன. அவற்றின் அருகே ஒருவர் தம் பெயரைக் கீறினால் என்னாகும்? அதனைத் தேய்த்து அழிக்க முயன்றால் பழைய கீறலும் உடன் தேயும். பாறையில் கிறுக்குவது ஒரு கேடு. முறையறியாது அதனை அகற்றுவது மற்றொரு கேடு.

2002ஆம் ஆண்டில், இமாசலப் பிரதேசத்தின் மணாலி–ரோதங் மலைச்சாலைப் பாறைகளில் குளிர்பான விளம்பரங்கள் தீட்டப்பட்டிருந்த செய்தி நாளிதழில் வெளிவந்தது. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அதனை விசாரித்து, நிறுவனங்களுக்குத் தண்டத்தொகை விதித்தது. ஆயினும் தண்டம் செலுத்துவதால் மட்டும் பாறை பழைய நிலையை அடைந்துவிடுமா?

கல்லிலும் நுண்துளைகள் உண்டு. நம் வீட்டுச் சுவர்களில் காணும் செம்புரைக்கல்லில் அவை மிகுதி. சாயம் அவற்றினுள் இறங்கிவிடுகிறது. கம்பித் தூரிகை கல்லைக் கீறும். அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். மிகுவிசையுடன் பீய்ச்சும் நீர் மேற்பரப்பையே பெயர்த்துவிடும். மேலும், பாறையில் படர்ந்துள்ள பாசியும் கற்பாசியும் மிக மெதுவாக வளர்வன. கரைப்பான் கலந்த நீர் ஓடையில் கலந்தால் மீனும் தவளையும் மடியும்.

ஆகவே வல்லுநர் மென்மையான முறையிலேயே தொடங்குவர். முதலில் மறைவான சிறு பகுதியில் சோதித்துப் பார்ப்பர். பின்னர் வெந்நீரும் மென்தூரிகையும் கொண்டு முயல்வர். அதற்கும் சாயம் நீங்காவிடில், களிமண்ணைத் தக்க கரைப்பானுடன் குழைத்து, கட்டிக்குப் பற்றுப் போடுவதுபோல் அப்புவர். பற்று உலரும்போது, கரைந்த சாயத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். வழியும் கழிவுநீரைத் தரையில் விடாது சேகரித்து அப்புறப்படுத்துவர். சில இடங்களில் தொல்பொருளைக் காக்கும் பொருட்டுக் கிறுக்கலை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களைச் சிதைப்போருக்கு, 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் 2 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கின்றன.

மாணவர்களே! கிறுக்கலைக் கண்டால் நீங்களே சுரண்டாதீர்கள். காவலரிடமோ வனத்துறையினரிடமோ தெரிவியுங்கள். எழுதுவதற்கு ஒரு நொடி போதும். அதனை நீக்கப் பல நாள் உழைக்க நேரும்.

சொற்பொருள்
தமிழி – பழந்தமிழ் எழுத்துமுறை
தண்டம் – அபராதம்
கரைப்பான் – பிற பொருளைக் கரைக்கும் நீர்மம்

வினாக்கள்
1. செம்புரைக்கல்லில் பூசிய சாயம் எளிதில் நீங்காதது ஏன்?
2. பற்றுப் போடும் முறையை உம் சொந்த நடையில் விளக்குக.
3. சுற்றுலாத் தலத்தில் உம் நண்பர் பாறையில் பெயர் எழுத முற்பட்டால், அவரிடம் நீர் கூறுவதை ஐந்து தொடர்களில் எழுதுக.