கொட்டகையை நிறைத்த குரல்

இக்காலத்தில் ஒலிபெருக்கியின்றி ஒரு சிறு கூட்டமும் நடைபெறுவது அரிது. பாடுவோர் மெல்ல இசைத்தாலும் அதனை ஆயிரம் பேர் கேட்டு மகிழுமாறு கருவிகள் துணை செய்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாடக மேடைகளுக்கு அத்துணை இல்லை. இரவில் தொடங்கிய நாடகம் பொழுது புலரும்வரை நடக்கும். கடைசி வரிசையில் இருப்பவர் செவியிலும் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுதல் வேண்டும். விழாவிடின் அவர் பொறுத்திருக்கமாட்டார். ஆகவே, உரத்தும் உயர்ந்தும் ஒலிக்கும் குரலே அந்நாளைய நடிகனின் முதற்செல்வமாக இருந்தது. அச்செல்வத்தை நிரம்பப் பெற்றுத் தமிழ் நாடக மேடையின் தனி அரசராக விளங்கியவர் எஸ். ஜி. கிட்டப்பா.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டில் செங்கோட்டையிற் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது; 1956இல் தமிழகத்தோடு இணைந்தது. தந்தையார் கங்காதர ஐயர், தாயார் மீனாட்சியம்மாள். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன் என்பது. வீட்டில் வறுமை மிகுந்திருந்தது. அதனால் கிட்டப்பா பள்ளியிற் பயில வேண்டிய பருவத்திலேயே தம் தமையன்மாரோடு நாடகக் குழுவிற் சேர்ந்தார். நாடகமே அவருக்குப் பள்ளியாயிற்று, மேடையே வகுப்பறையாயிற்று.

அக்காலத்தில் சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட நாடக சபைகள் பல இருந்தன. அவற்றில் இனிமையாகப் பாடும் சிறுவனுக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் அம்மதிப்பு நிலையானதன்று. பதின்மூன்று, பதினான்கு வயதளவில் ஆண்பிள்ளைகளின் குரல்வளை வளர்கிறது. அதனுள் இருக்கும் குரல் நாண்கள் நீள்கின்றன. குரல் உடைந்து தாழ்கிறது. இதனை நாடக உலகினர் ‘மகரக்கட்டு’ என்பர். நேற்றுவரை கைதட்டல் பெற்ற சிறுவன், மகரக்கட்டு வந்ததும் பாடும் வேடத்தை இழந்து ஒதுங்கி நிற்பான். அப்படி ஒதுங்கியோர் பலர். கிட்டப்பாவோ அப்பருவத்தைக் கடந்து, ஆண்மகனாக வளர்ந்த பின்னரும் உயர்ந்த சுருதியிலேயே பாடும் ஆற்றலைப் பெற்றிருந்தார்.

அவ்வுயர்வு எத்தகையது என்பதை அறிய, ‘கட்டை’ என்னும் அளவை அறிதல் வேண்டும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு என எண்ணிச் சுருதியைக் குறிப்பது நம் இசைவாணர் வழக்கம். ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டை ஆகிய சுருதிகளிற் பாடுவர். ஐந்து கட்டை என்பது பெண்டிர்க்கு உரிய சுருதியாகவே கருதப்படும். ஒரு கட்டையிற் பாடும் ஆடவரின் அடிப்படைச் சுரம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகளை உடையது. ஐந்து கட்டையில் அது 196 ஆகிறது. கிட்டப்பா ஐந்து கட்டையை ஒட்டிய சுருதியில் நின்று, அதற்கும் மேலே எழும் சுரங்களை எளிதில் எட்டிப் பிடித்தார். உச்சத்திற் சென்றபோதும் அவர் குரல் கீச்சிடவில்லை, சொல் சிதையவில்லை, இனிமை குன்றவில்லை.

குரல் இயற்கை அளித்த கொடை. அதனைக்கொண்டு அவர் ஆற்றிய செயலே நாம் போற்றத்தக்கது. அந்நாளில் இசையரங்கும் நாடக மேடையும் இருவேறு உலகங்களாக இருந்தன. சங்கீத வித்துவானுக்குச் சபையில் மரியாதை உண்டு. நாடக நடிகனைக் ‘கூத்தாடி’ என்று இகழ்வோர் பலர் இருந்தனர். கிட்டப்பா வித்துவான்களின் பாட்டைச் செவிமடுத்து, கேள்வியறிவாலேயே இராக நுட்பங்களை உணர்ந்துகொண்டார். பின்னர், நாடகப் பாட்டின் இடையே இராக ஆலாபனை செய்தார். சுரங்களை அடுக்கிப் பாடினார். தேவாமிர்தவர்ஷிணி இராகத்தில் அமைந்த தியாகராசரின் கீர்த்தனையை அவர் பாடிய இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தது. சபையின் வாயிலை மிதித்தறியாத உழவரும் தொழிலாளரும் அவர் வாயிலாக உயர்ந்த இசையைக் கேட்டனர். நாடகக் கொட்டகையை நாடாத இசைப் புலவர்களும் அவர் பொருட்டு அங்கு வந்தமர்ந்தனர். இருவேறு உலகங்களுக்கும் இடையே நின்ற சுவர், ஒரு குரலின் முன் தாழ்ந்தது.

கன்னையா நாடகக் குழுவின் ‘தசாவதாரம்’ முதலிய நாடகங்களில் நடித்துக் கிட்டப்பா பெரும்புகழ் எய்தினார். 1926இல் கொழும்பு நகரில் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடன் நடிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. சுந்தராம்பாளும் உச்ச சுருதியிற் பாடும் ஆற்றல் வாய்ந்தவர். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இவர் வேலராகவும் அவர் வள்ளியாகவும் தோன்றி, ஒருவரையொருவர் பாட்டால் வெல்ல முயலும்போது அவையோர் தம்மை மறந்திருப்பர். மேடையில் இணைந்த இருவரும் பின்னர் வாழ்விலும் இணைந்தனர். நாட்டு விடுதலைக் கிளர்ச்சி ஓங்கிய அந்நாளில் தேசியப் பாடல்களையும் மேடையிற் பாடினர்.

அந்தோ! அவ்வாழ்வு நீடிக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழே. சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று வெள்ளுடை உடுத்த அவ்வம்மையார், 1980இல் மறையும்வரை அக்கோலத்தை மாற்றவில்லை. ஆடவரோடு இணையாக நடிப்பதில்லை என்றும் உறுதி பூண்டார். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் அவர் நந்தனார் என்னும் ஆண் வேடத்தையே ஏற்றார்.

தமிழின் முதற் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இலேயே வெளிவந்தது. எனினும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆதலின் அவர் மேடையில் நின்ற கோலத்தையும் நடந்த நடையையும் நாம் காண இயலாது. எஞ்சியவை சில இசைத்தட்டுகளே. அவற்றின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல் ஓடும். விடியவிடியப் பாடியவரின் கலையை அச்சிறு சிமிழில் அடைக்க இயலுமா? ஆயினும், தட்டின் கரகரப்பைக் கிழித்துக்கொண்டு அக்குரல் எழும்போது, கேட்போர் இன்றும் நிமிர்ந்து அமர்கின்றனர். பின்வந்த டி. ஆர். மகாலிங்கம் போன்றோர் உச்ச சுருதியிற் பாடிப் புகழ் பெற்றமைக்கு அவர் வகுத்த வழியே வழிகாட்டியாயிற்று.

ஒருவனுடைய வாழ்வை ஆண்டுகளைக்கொண்டு அளத்தல் போதாது. கிட்டப்பா வாழ்ந்த ஆண்டுகள் சில. அச்சில ஆண்டுகளுள், இகழப்பட்ட மேடைக்கு மதிப்பையும், எளிய மக்களுக்கு உயர்ந்த இசையையும் அவர் தேடித் தந்தார். இயற்கை தந்த கொடையைப் பிறர்க்கு வாரி வழங்கியவர் அவர். கொட்டகைகள் மறைந்தன, விளக்குகள் அணைந்தன, அக்குரல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.