மேலே படுமுன் தடு

பாலக்காட்டில் ரயிலேறிச் சென்னை சென்ட்ரலுக்குப் போகிற நம் பிள்ளைகள், நகரம் நெருங்கும்போது ஆவடியைக் கடப்பார்கள். அர்ஜுன் டாங்கி அங்கேதான் வடிவமைக்கப்பட்டது. அதன் கவசத்துக்குக் காஞ்சன் என்று பெயர்.

கவசத்தை இன்னும் தடிமனாக்கினால் என்ன என்று கேட்கலாம். ரயில்வேக்காரனான எனக்கு உடனே வேகன்தான் ஞாபகம் வரும். அர்ஜுன் மார்க்-1ஏ ஏறக்குறைய 68 டன், அகலம் 3.86 மீட்டர். நமது அகலப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு அனுமதித்த அகலமோ 3.25 மீட்டர்தான்! பிளாட்பாரம், பாலம் எல்லாம் பார்த்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

எனவே இரும்பைக் கூட்டாமல், வருகிற குண்டை வழியிலேயே மறிக்கும் முறை வந்தது. தோளிலிருந்து ஏவும் ஆர்.பி.ஜி. ராக்கெட் நொடிக்குச் சுமார் 300 மீட்டர் பாயும். 100 மீட்டரிலிருந்து ஏவினால், கிடைப்பது நொடியில் மூன்றிலொரு பங்கு. மனிதன் கண்டு சொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே ராடார் காண்கிறது. கணினி பாதையைக் கணக்கிடுகிறது. டாங்கியிலிருந்து சீறும் சிதறல்கள் ராக்கெட்டை உடைக்கின்றன. சோவியத் நாட்டின் 'டிரோஸ்ட்' இதில் முன்னோடி. இஸ்ரேலின் 'டிராபி' 2011 மார்ச் 1 அன்று காசா எல்லையருகே முதன்முதலாகக் களத்தில் ஒரு ராக்கெட்டைத் தடுத்தது.

உள்ளே இருப்பவர்கள் பிழைத்தார்கள், சரி. பக்கத்தில் நடந்து வரும் சொந்தக் காலாட்படையினர்? அதே சிதறல்கள் அவர்கள்மேலும் படலாம். எவ்வளவு தள்ளி நடப்பது என்பதையும் சேர்த்தே அவர்களுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.