கலைக்களஞ்சியத்தில் பெண்கள் எங்கே?

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் சென்ற மாதம் ‘நான் போற்றும் விஞ்ஞானி’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பிள்ளைகள் விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதி வந்தார்கள். பதினொரு கட்டுரைகளில் பெண்ணைப் பற்றியது ஒன்றே; அதுவும் மேரி கியூரி. “டீச்சர், வேற பெண் விஞ்ஞானிகளே இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டாள். விடை தேடியபோது நான் கற்றதை இங்கே தருகிறேன்.

2018ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர் கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்ட். லேசர் துடிப்பின் வலிமையைப் பெருக்க அவரும் ஜெரார் மூரூவும் 1985இல் வெளியிட்ட முறை, இன்று கண் அறுவை சிகிச்சையிலும் பயன்படுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் மூரூவுக்கு முன்பே பக்கம் இருந்தது. ஸ்டிரிக்லண்டுக்கோ அக்டோபர் 2ஆம் நாள் பரிசு அறிவிக்கப்படும் வரை இல்லை. ஒருவர் எழுதிய வரைவு, அவ்வாண்டு மே மாதம் போதிய சான்று இல்லை என்று ஏற்கப்படாமல் போயிற்று.

காரணம் என்ன? ஒருவரைப் பற்றிப் பிறர் போதிய அளவு எழுதியிருந்தால்தான் அங்கே தனிப்பக்கம் அமையும். நல்ல விதிதான், இல்லையேல் அவரவர் தம் புகழைத் தாமே பாடிக்கொள்வர். ஆனால் நாளிதழ்களும் நூல்களும் பெண்களைப் பற்றிக் குறைவாக எழுதினால், அக்குறை கலைக்களஞ்சியத்திலும் ஏறிவிடுகிறது. அங்கே எழுதுவோரிலும் ஆண்களே மிகுதி. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. இதைச் சீர்செய்ய 2015இல் ‘விமன் இன் ரெட்’ என்ற முயற்சி தொடங்கியது. பக்கம் இல்லாத பெயர் அங்கே சிவப்பு எழுத்தில் தெரியும், அதனால் இப்பெயர்.

பிறகு நம் சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டினேன். நாடகம் எழுதியவர், நூலகம் பார்த்துக்கொண்டவர் எனப் பல பெண்கள் ‘திருமதி’ என்ற சொல்லோடு கணவர் பெயரால் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு மலர்களைத் தொகுத்தவள் நானே! எனக்கு முன் இவ்வகுப்பை நடத்தி மறைந்த அம்மையாரை எல்லோரும் ‘மாமி’ என்றே அழைத்தோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கே தெரியவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு அடுத்த பாடம் இது: உங்களுக்குத் தெரிந்த மூத்த பெண்மணி ஒருவரிடம் பெயர், பிறந்த ஊர், செய்த பணி, அதன் ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாருங்கள். பெரியவர்களும் எழுதி அனுப்பலாம். மாமியின் பெயர் தெரிந்தவர்கள் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.