‘கன்சென்ட்’: ஒரு கையெழுத்தும் ஒரு சொல்லின் வரலாறும்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கியம்

மனிதர்க்கு வரலாறு இருப்பதுபோல் சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவை ஒரு நாட்டில் பிறந்து, மற்றொரு நாட்டில் வளர்ந்து, நம் ஊர் வந்து சேரும்போது பழைய பொருளில் பாதியை வழியிலேயே தொலைத்துவிடுவதும் உண்டு. ‘கன்சென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் அத்தகையது. சம்மதம், ஒப்புதல், உடன்பாடு, இசைவு என்றெல்லாம் அதனைத் தமிழில் சொல்கிறோம். இச்சொல்லின் வரலாற்றை நான் தேடத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆண்டு என் தந்தையாருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அவர் குழித்தறியில் நெசவு செய்பவர். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர். அறுவைக்கு முதல் நாள் மாலை செவிலியர் ஒருவர் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். முழுவதும் ஆங்கிலம். அப்பா அதை என் பக்கம் தள்ளி, “நீதான் இங்கிலீசு படிக்கிறியேம்மா, என்னன்னு பாத்துப் போடு” என்றார். தலைப்பில் ‘கன்சென்ட்’ என்ற சொல் இருந்தது. அதற்குமேல் நான் படிக்கவில்லை. “ஒண்ணுமில்லப்பா, சம்மதம்னு எழுதியிருக்கு” என்று சொல்லிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அறுவை நல்லபடியாக முடிந்து அப்பாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழ் மரத்துப் போயிற்றாம்; அறுவை முடிந்தவுடன் சரியாகிவிடும் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு மணி கடந்தது. இரண்டு மணி கடந்தது. கால் அசையவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தார், தொட்டது தெரியவில்லை. “கால் போயிடுச்சும்மா. இனித் தறியிலே எப்படி மிதிப்பேன்?” என்று கேட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுவே முதல் முறை. எனக்கும் விடை தெரியவில்லை, நானும் அழுதேன். மாலைக்குள் உணர்ச்சி திரும்பிவிட்டது. பின்னர் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். முதுகில் ஊசி போடுவார்கள், கால்கள் சில மணி நேரம் மரத்திருக்கும், அஞ்ச வேண்டியதில்லை என்று மூன்றாவது வரியிலேயே எழுதியிருந்தது.

‘சம்மதம்’ என்று நான் கையெழுத்திட்டேன். யாருடைய சம்மதம்? எதற்குச் சம்மதம்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

வேரும் கிளைகளும்

‘கன்சென்ட்’ இலத்தீன் வழிவந்த சொல். இலத்தீனில் ‘கன்சென்டீரே’ என்னும் வினையில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முன்னது ‘உடன்’ என்றும், பின்னது ‘உணர்தல்’ என்றும் பொருள்படும். எனவே இச்சொல்லின் முதற்பொருள் ‘உடன் உணர்தல்’ என்பதாம். பிரெஞ்சு மொழி வாயிலாக 13-ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் குடிபுகுந்தது.

இதன் உடன்பிறப்புகள் நாம் நன்கு அறிந்தவையே. ‘சென்ஸ்’, ‘சென்டிமென்ட்’, ‘டிஸ்சென்ட்’, ‘கன்சென்சஸ்’ ஆகிய யாவும் ஒரே வேரில் கிளைத்தவை. ‘ரிசென்ட்’ என்பதும் இக்குடும்பத்ததே. மனத்தில் மீண்டும் மீண்டும் உணர்ந்து புழுங்குவதைக் குறிப்பது. சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதாவுக்கு ஆளுநர் அளிப்பது ‘அசென்ட்’. இதனையும் ‘கன்சென்ட்’டையும் மாணவர் பலர் ஒன்றெனவே எழுதுகின்றனர். ஒரு கருத்தை அறிவு ஏற்பது ‘அசென்ட்’ என்றும், ஒரு செயலுக்கு உள்ளம் இணங்குவது ‘கன்சென்ட்’ என்றும் வேறுபடுத்திக் கூறுதல் மரபு.

நம் மொழியில் வழங்கும் ‘சம்மதம்’ வடசொல். அதிலும் ‘சேர்ந்து’ என்னும் பொருள் தரும் முன்னொட்டு உண்டு. ‘மதம்’ என்பது ஈண்டுச் சமயத்தைக் குறிப்பதன்று, கருத்தைக் குறிப்பது. நன்னூற் பாயிரத்தில் எழுவகை மதம் படித்தோர்க்கு இது விளங்கும். அவ்வேழனுள் முதலாவது ‘உடன்படல்’ என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. ஆக, இலத்தீன் சொல்லில் உணர்வு ஒன்றுபடுகிறது. வடசொல்லில் எண்ணம் ஒன்றுபடுகிறது. இரண்டிலும் ‘உடன்’ என்பது இன்றியமையாத உறுப்பு.

இசையும் இசைவும்

ஆங்கிலத்தில் ஒலியால் இதனை ஒத்த வேறொரு பழஞ்சொல் உண்டு. ‘உடன் பாடுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த அச்சொல், பல குரல்கள் பொருந்தி ஒலிப்பதைக் குறித்தது. எழுத்தில் ஒன்றே வேறுபாடு. ஆதலால் எலிசபெத் காலத்தவர் இரண்டையும் கலந்தே எழுதினர். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்தில், முதல் அங்கம் இரண்டாம் காட்சியில், அரசாட்சியின் மேல், கீழ் உறுப்புகள் யாவும் இசைபோல் பொருந்தி நிற்பதைக் கோமகன் எக்ஸிட்டர் எடுத்துரைக்கிறார். அவர் ஆளும் சொல் ‘கன்சென்ட்’ என்பதே. உடன்பாடு, பண்ணின் பொருத்தம் ஆகிய இரு பொருளும் அங்கே சேர்ந்து நிற்கின்றன.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. தமிழில் ‘இசை’ என்றால் பண். ‘இசைதல்’ என்றால் உடன்படுதல். ஆங்கிலத்தில் எழுத்து மயக்கத்தால் நேர்ந்த உறவு, நம் மொழியில் ஒரே சொல்லுக்குள் அமைந்து கிடக்கிறது. இசை பொருந்த வேண்டுமானால் குறைந்தது இரண்டு ஒலிகள் வேண்டும். என் தந்தையாரின் படிவத்தில் ஒலித்தது ஒன்றுதான்.

மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி’ என்பது நம்மிடையே வழங்கும் மொழி. இலத்தீனிலும் இதே கருத்துடைய சட்ட முதுமொழி உண்டு. அதனை நீதிமன்றத்தில் எடுத்துரைத்தவருள் புகழ்பெற்றவர் சர் தாமஸ் மோர். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியே திருச்சபைக்கும் தலைவர் என்று 1534-இல் சட்டம் இயற்றப்பட்டது. மோர் அதை ஏற்கவுமில்லை, வாய்திறந்து மறுக்கவுமில்லை. அவருடைய மௌனமே குற்றம் என்று வழக்குரைத்தனர். மௌனத்தைச் சட்டம் இசைவாகவே கொள்ள வேண்டும் என்று அவர் வாதிட்டார். வாதம் எடுபடவில்லை, 1535 ஜூலை 6-ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. மௌனத்திற்கு ஆளுவோர் தமக்கு வேண்டிய பொருளைக் கொள்வர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அரசியல் தத்துவத்திலும் இவ்வாதம் நிகழ்ந்தது. ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் தடையின்றி நடந்து செல்பவன்கூட அந்நாட்டின் ஆட்சிக்கு வாய்பேசாமலே இசைந்தவன் ஆகிறான் என்று 1689-இல் வெளிவந்த நூலில் ஜான் லாக் எழுதினார். டேவிட் ஹியூம் 1748-இல் இதனை மறுத்தார். உறங்கும்போது கப்பலில் தூக்கிச் செல்லப்பட்டவனை எண்ணிப் பாருங்கள் என்றார் அவர். கண்விழித்தால் சுற்றிலும் கடல், குதித்தால் சாவு. அவன் கப்பலில் இருப்பதாலேயே தலைவனின் ஆணைக்கு இசைந்தான் என்று கூறலாமா? வேறு வழி இல்லாத இடத்தில் இசைவும் இல்லை என்பதே ஹியூமின் கருத்து.

ஒரே பொருளை ஒரே கருத்தில்

சட்டம் இச்சொல்லை எவ்வாறு வரையறுக்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 13-ஆம் பிரிவில் இதற்கு இலக்கணம் வகுத்துள்ளது. ஒரே பொருளைக் குறித்து, ஒரே கருத்தில் இருவர் ஒத்துக்கொள்வதே இசைவு என்பது அதன் சாரம். வற்புறுத்தல், முறையற்ற செல்வாக்கு, வஞ்சகம், தவறான கூற்று, பிழை ஆகியவற்றால் விளையாத இசைவே தடையற்ற இசைவு என்று அடுத்த பிரிவு கூறுகிறது.

‘ஒரே கருத்தில்’ என்பதற்கு விளக்கமாகச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1864-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான அவ்வழக்கு நம் பம்பாயோடு தொடர்புடையது. பம்பாயிலிருந்து ‘பியர்லெஸ்’ என்னும் கப்பலில் வரும் 125 பொதி சூரத்துப் பருத்தியை ஒருவர் விற்கவும் மற்றவர் வாங்கவும் ஒப்புக்கொண்டனர். ஆனால் அப்பெயரில் இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று அக்டோபரில் புறப்பட்டது, மற்றது டிசம்பரில். வாங்குபவர் மனத்தில் இருந்தது முதற் கப்பல். விற்பவர் மனத்தில் இருந்தது இரண்டாவது. சொல் ஒன்று, பொருள் இரண்டு. வழக்கு வாங்குபவர் பக்கமே தீர்ந்தது.

அறிந்து சொல்லும் வயது

இந்தியப் பொதுவாழ்வில் இச்சொல் பெரும் புயலை எழுப்பியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய்க்குப் பதினோரு வயதில் மணம் முடித்துவைத்தனர். வளர்ந்தபின் அவர் கணவருடன் வாழச் செல்ல மறுத்தார். கணவர் 1884-இல் வழக்குத் தொடுத்தார். ஏதுமறியாப் பருவத்தில் பிறர் செய்த மணத்திற்குத் தாம் கட்டுப்பட்டவர் அல்லர் என்பது ருக்மாபாயின் நிலை. 1885-இல் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அது மாறியது. கணவர் வீட்டுக்குச் செல்ல வேண்டும், அன்றேல் ஆறு மாதச் சிறை என்று 1887-இல் ஆணை பிறந்தது. சிறைக்குச் செல்லவும் அணியமானார் அந்த நங்கை. 1888-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று, திரும்பி வந்து மருத்துவராகத் தொண்டாற்றினார்.

இத்தகைய கிளர்ச்சிகளின் பின்னணியில் 1891-இல் சம்மத வயதுச் சட்டம் வந்தது. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் பத்தாக இருந்த வயது பன்னிரண்டாக உயர்ந்தது. இன்று அது பதினெட்டு. வாய் ‘சரி’ என்றால் மட்டும் போதாது, சொல்வதன் விளைவை அறியும் பக்குவமும் வேண்டும் என்பதே இச்சட்டங்களின் அடிப்படை.

ஆயினும் அஞ்சி அடங்குவதை இசைவு என்று கொள்ளும் போக்கு அத்துடன் ஒழியவில்லை. அத்தகைய தீர்ப்பு ஒன்றைக் கண்டு வருந்திய சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979-இல் இந்தியத் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். இணங்குவது வேறு, அடங்குவது வேறு என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் இசைந்தாள் என்று கொள்ளலாகாது என 2013-ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அவ்விதி உள்ளது. ‘மௌனம் சம்மதம்’ என்ற பழமொழிக்குச் சட்டம் இட்ட வரம்பு இது.

மீண்டும் மருத்துவமனைக்கு

நோயாளியின் இசைவுக்கும் தனி வரலாறு உண்டு. வயது வந்து, அறிவுத் தெளிவுடன் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தம் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை உண்டு என்று 1914-இல் நியூயார்க் நீதிபதி கார்டோசோ எழுதினார். நாஜி மருத்துவர்கள் கைதிகள்மீது நடத்திய கொடிய சோதனைகளை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பு, தாமாக முன்வந்து தரும் இசைவின்றி மனிதர்மேல் சோதனை கூடாது என்பதை 1947-இல் முதல் விதியாக வைத்தது. ‘அறிந்து தரும் இசைவு’ என்னும் தொடர் 1957-இல் கலிபோர்னிய வழக்கு ஒன்றின்பின் பரவலாயிற்று.

நம் உச்ச நீதிமன்றமும் 2008-இல் ஒரு வழக்கில் இதனை ஆய்ந்தது. சோதனைக்கு மட்டும் இசைந்த ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டுக் கருப்பையை நீக்கிவிட்டனர். வயது வந்த நோயாளி விழித்தெழும்வரை காத்திருக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆதலின் தாயார் அளித்த இசைவு செல்லாது என்றது மன்றம். சிகிச்சையின் தன்மை, நோக்கம், நன்மை, இடர், மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்றும் கூறியது.

இத்தீர்ப்பைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் தந்தையார் அன்று மயங்கிக்கிடக்கவில்லை. கட்டிலில் அமர்ந்து, நல்ல நினைவோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். படிவத்தை எழுதியவர் சொல்ல வேண்டியதை எழுதித்தான் இருந்தார். அதைக் கொண்டுசேர்க்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன், நான் சேர்க்கவில்லை.

முடிவுரை

நம் கல்லூரியில் பயில்வோருள் பலர், குடும்பத்தில் முதன்முதலாக ஆங்கிலம் படிப்பவர்கள். வங்கிக் கடன் பத்திரமாயினும், காப்பீட்டுப் படிவமாயினும், மருத்துவமனைத் தாளாயினும் முதலில் நம் கைக்கே வருகிறது. ‘நீதான் இங்கிலீசு படிக்கிறியே’ என்ற சொல்லில் எவ்வளவு பெருமையோ அவ்வளவு பொறுப்பும் உண்டு. தேர்வுத் தாளில் ஒரு சொல்லின் பொருளைத் தவறாக எழுதினால் மதிப்பெண் குறையும். வீட்டில் தவறாகச் சொன்னால் அதன் விலையை வேறொருவர் கொடுக்க நேரும்.

இவ்வாண்டு தை மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்தது. மீண்டும் ஒரு படிவம் வந்தது. இம்முறை பக்கத்தில் அமர்ந்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். அவர் மூன்று கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை. மருத்துவரிடம் போய்க் கேட்டு வந்து சொன்னேன். அரை மணி நேரம் ஆயிற்று, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாம் கேட்டபின் அப்பா, “சரி, பேனாவைக் குடு” என்றார். அவரே தமிழில், எழுத்தெழுத்தாகத் தம் பெயரை எழுதினார்.