அமெரிக்கப் பல்கலைக்கழகமும் அயல்நாட்டு மாணவரும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு இளநிலை வகுப்பில் சேர விழையும் அயல்நாட்டு மாணவர் கடக்க வேண்டிய வாயில்கள் இரண்டு. ஒன்று தகுதி, மற்றொன்று பொருள்.

தகுதியை மெய்ப்பிப்பவை 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரை, மாணவரே வரையும் கட்டுரை, டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு ஆகியவையாம். எஸ்.ஏ.டி. தேர்வு குறித்துப் பொதுவிதி இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் சேர்க்கையில் அதனைக் கருதுவதில்லை; எம்.ஐ.டி.யோ 2022ஆம் ஆண்டில் அதனை மீண்டும் கட்டாயமாக்கியது.

இடம் கிடைத்தபின், முதலாண்டுச் செலவுக்குரிய பணம் உளது என்பதற்குச் சான்று காட்டினாலன்றி ஐ-20 என்னும் படிவம் வாராது. அஃதின்றி எஃப்-1 விசா இல்லை.

ஆயினும் பொருள் இரண்டாம் வாயிலோடு நிற்பதன்று. பல பல்கலைக்கழகங்களில், உதவித்தொகை வேண்டும் என்னும் விண்ணப்பமே சேர்க்கை முடிவில் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒத்த தகுதியுடைய இருவருள் வறியவர் பின்தள்ளப்படலாம். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. உள்ளிட்ட சிலவே அயல்நாட்டவரின் பொருள்நிலையை நோக்காது தேர்ந்து, தேவைப்படும் தொகையையும் வழங்குகின்றன. அங்கு இடம் பெறுதலோ மிக அரிது.

பின்னர்க் கேட்கலாம் எனத் தேவையை மறைத்தலும் பயன்தராது. தொடக்கத்தில் கேளாதவர்க்குப் பின்னர் உதவுவதில்லை என்பது பல நிறுவனங்களின் விதி.

ஆகவே மாணவர் முதற்கண் வினவ வேண்டியது, 'எனக்குத் தகுதி உண்டா?' என்பது மட்டுமன்று. 'என் பொருள்நிலையை இப்பல்கலைக்கழகம் எவ்வாறு நோக்குகிறது?' என்பதுமாகும். விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன்னரே இதற்கு விடை காணல் வேண்டும்.