புண்ணுக்குச் சாணம் இடலாமா?

கமக்காரர்களே! வெட்டுக்காயத்திற் சாணம் அப்பினால் கிருமி மாளும் எனப் பலர் நம்புகின்றனர். சாணத்தில் வாழும் சில நுண்ணுயிர்கள் பிற கிருமிகளை அடக்கும் பொருள்களைச் சுரப்பது ஆய்வுகூடங்களிற் கண்ட உண்மையே. ஆயினும் அதே சாணத்தில் ஏற்புவலிக் கிருமியின் வித்திகளும் இருக்கக்கூடும். அவை உலர்ந்த சாணத்திலும் மண்ணிலும் பல்லாண்டு அழியாது கிடப்பன. காற்றுப் புகாத ஆழ்ந்த காயத்தில் முளைத்து நஞ்சைப் பரப்பும். பெரும்பாலும் 3 முதல் 21 நாள்களுள் தாடை இறுகும். உயிருக்கும் ஆபத்து நேரும்.

ஆகவே மண்வெட்டி பட்டாலும் முள் தைத்தாலும், காயத்தை ஓடும் நீரிற் சவர்க்காரமிட்டு நன்கு கழுவுங்கள். தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று ஏற்பு ஊசி பற்றிக் கேளுங்கள். பச்சிளங் குழந்தையின் கொப்பூழிலும் சாணம் படலாகாது. சாணத்தை வைக்கோலுடன் சேர்த்துக் கூட்டெருவாக்கி வயலுக்கு இடுங்கள். எருவைத் தொட்டபின் கைகளைக் கழுவுங்கள். சாணம் பயிருக்கு உணவு, புண்ணுக்கு மருந்தன்று.